கருப்பும் கருப்பும் ஒன்றல்ல: பிரின்டருக்கு வெளி இங்க் வாங்கும் முன்

இந்த மாதத்தில் தப்பான இங்க்கால் கெட்டு என் சர்வீஸ் கடைக்கு வந்த நான்காவது பிரின்டர் இது. எப்சன் எல்3110. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "அண்ணே, கருப்பு மட்டும் வரமாட்டேங்குது. பதினோரு தடவை ஹெட் கிளீனிங் கொடுத்துட்டேன்."

இங்க்கைத் தாளில் தெளிக்கும் பாகம்தான் ஹெட். அதன் துவாரங்கள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் நாசில் செக் தாள் எடுத்தேன். நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் முழுசாக வந்தன. கருப்புக் கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாள். டேங்கில் கருப்பு இங்க் முக்கால்வாசி நிற்கிறது.

"என்ன தம்பி ஊத்துனீங்க?"

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். அவர் கடையில் பட்டா நகலும் சான்றிதழும் எடுத்துப் போகிறவர்கள், மழையில் நனைந்து எழுத்து கரைந்துவிட்டது என்று திரும்பி வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். அதனால் 'தண்ணீர் பட்டாலும் அழியாது' என்று எழுதியிருந்த பிக்மென்ட் இங்க்கை வாங்கி, டேங்கில் பாதி இருந்த பழைய இங்க்கின் மேலேயே ஊற்றிவிட்டார். மூன்று வாரம் ஓடியது. ஊர்த் திருவிழாவுக்குக் கடையை ஐந்து நாள் மூடியிருக்கிறார். திறந்த அன்று கருப்பு நின்றுவிட்டது.

வாடிக்கையாளர்களுக்கு நல்லது செய்ய நினைத்துத்தான் அதை ஊற்றினார். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை.

"கருப்புன்னா கருப்புதானேண்ணே?" இந்தக் கேள்வி வருடக்கணக்கில் என் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. இல்லை. தயவுசெய்து இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வையுங்கள். டை இங்க் என்பது சர்க்கரை கரைந்த தண்ணீர் மாதிரி. சாயம் முழுதாகக் கரைந்திருக்கும். பிக்மென்ட் இங்க் சுண்ணாம்பு கலக்கிய தண்ணீர் மாதிரி. நிறம் கரைவதில்லை, பொடியாகத்தான் மிதக்கிறது. அந்தப் பொடி ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்க, தயாரிப்பவர் அதற்கென்றே ரசாயனம் சேர்த்துப் பக்குவம் பண்ணியிருக்கிறார். அதில் வேறு ஒருவருடைய டை இங்க்கைக் கலந்தால் அந்தப் பக்குவம் கெட்டுப்போகலாம். பாலில் எலுமிச்சை பிழிந்தாற்போல் திரிந்து, கட்டி சேரும். எல்3110 ஹெட் விடும் மிகச் சிறிய துளி 3 பிக்கோலிட்டர்தான். அதாவது ஒரு மில்லிலிட்டரில் முப்பது கோடிக்கும் மேல் துளிகள். அவ்வளவு சின்ன துவாரத்தில் திரிந்த இங்க் போய் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கம்பெனியிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. எப்சனின் 003 பாட்டிலிலும் பழைய 664 பாட்டிலிலும் கருப்பு உட்பட நான்கு நிறமும் டை. அதே எப்சனின் 001 பாட்டிலில் கருப்பு பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. கேனான் ஜிஐ-790, எச்பி ஜிடி53 இரண்டிலும் கருப்பு பிக்மென்ட். கடை அலமாரியில் ஐந்தும் கருப்பு பாட்டிலாகவே நிற்கும். எதற்கு எது என்று உங்கள் பிரின்டர் கையேட்டில் இருக்கிறது. படிக்கச் சிரமமாக இருந்தால், வாங்கும் முன் ஒரு சர்வீஸ்காரரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் யாரும் காசு வாங்குவதில்லை.

சரி, பிரின்டர் கம்பெனி அல்லாத மற்றவர்கள் தயாரிக்கும் வெளி இங்க்கே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. கடையில் நானே நல்ல வெளி இங்க் ஊற்றி ஓட்டுகிறேன். ஆனால் முதலில் உங்களுக்கு அது தேவையா என்று கணக்குப் போடுங்கள். 65 மில்லி 003 கருப்பு பாட்டிலுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 4500 பக்கம். வீட்டில் பிள்ளைகளுக்காக ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் எடுத்தால் இரண்டரை வருடம் வரும். இரண்டரை வருடத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஹெட்டைப் பணயம் வைக்காதீர்கள். வீட்டுக்காரர்கள் ஒரிஜினலே வாங்குங்கள். தினமும் நூற்றுக்கணக்கில் எடுக்கும் கடைக்கு வெளி இங்க் நியாயம்தான். தினமும் ஓடுவதால் இங்க் காய்ந்து அடைக்கும் வாய்ப்பும் அங்கே குறைவு.

அடுத்து, உங்கள் பிரின்டரில் ஹெட் எங்கே இருக்கிறது? எச்பி 680, 682 மாதிரி கார்ட்ரிட்ஜில் ஹெட் கார்ட்ரிட்ஜோடு சேர்ந்தே வருகிறது. ரீஃபில் கெட்டுப்போனால் அந்தக் கார்ட்ரிட்ஜோடு போகும். எப்சன் டேங்க் பிரின்டரில் ஹெட் பிரின்டருக்குள்ளேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. அது போனால் செலவைக் கேட்டுவிட்டுப் பலர் புது பிரின்டர் வாங்கப் போய்விடுகிறார்கள்.

பாட்டிலைக் கையில் எடுத்தால் விலையைப் பார்க்கும் முன் லேபிளைப் படியுங்கள். எந்தெந்த மாடலுக்கு, டையா பிக்மென்டா, தயாரித்த தேதி, பேட்ச் எண், தயாரித்தவர் முகவரி. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் வைத்துவிட்டு வாருங்கள். தன் பெயரைப் போடத் தயங்குகிறவர் இங்க்கை உங்கள் ஹெட்டில் ஏன் விட வேண்டும்? 'எல்லா பிரின்டருக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்தால் தொடவே தொடாதீர்கள். எச்பியும் கேனானும் இங்க்கை ஹெட்டில் கொதிக்கவைத்துத் தெறிக்கவிடுகின்றன. எப்சனும் பிரதரும் சூடில்லாமல் அழுத்தித் தள்ளுகின்றன. ஒரே இங்க் இரண்டுக்கும் சரியாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஒரிஜினல் பெட்டியிலேயே போலி வருகிறது. சீல் கசங்கியிருந்தால், விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

மலிவு என்று ஒரு லிட்டர் கேன் வாங்காதீர்கள். பாதி கேன் முடிவதற்குள் மீதி பழசாகிவிடும். சின்ன பாட்டில், சரக்கு வேகமாகப் போகும் கடை. வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். இன்னொன்று, கப், டி-ஷர்ட் அச்சுக்கான சப்ளிமேஷன் இங்க் ஊற்றிய பிரின்டரில் மறுபடி சாதாரண இங்க் ஊற்றாதீர்கள். அதை அந்த வேலைக்கே ஒதுக்கிவிடுங்கள்.

புது இங்க் நல்லதா என்று ஊற்றிய அன்றே தீர்ப்பு சொல்ல முடியாது. அன்று எல்லாமே அழகாகத்தான் வரும். மறுநாள் ஒரு நாசில் செக். பிறகு ஒரு வாரம் சும்மா விட்டு இன்னொன்று. அதிலும் கோடு விடுபடாமல் வந்தால் நம்பலாம். ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் ஒரு போட்டோவைப் பாதி மறைத்து ஒரு மாதம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டி வையுங்கள். சாயம் எவ்வளவு வெளுக்கிறது என்று தெரிந்துவிடும். கல்யாண ஆல்பம் கொடுக்கிறோம், அந்தப் பொறுப்பு நமக்கு இருக்கிறது. பிராண்டை மாற்றினால் டேங்க் கீழ்க்கோட்டுக்கு இறங்கும்வரை காத்திருந்து மாற்றுங்கள். டையின் மேல் பிக்மென்ட்டைக் கொஞ்சங்கூட ஊற்றாதீர்கள்.

கோடு விடுபட்டால் மூன்று தடவை ஹெட் கிளீனிங். அதோடு நிறுத்தி, அணைத்து, ஓர் இரவு விடுங்கள். காலையிலும் வரவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் இங்க் வீணாகி உள்ளே கழிவு இங்க்கை உறிஞ்சும் பேடில் போய்ச் சேர்கிறது, பேட் நிரம்பினால் பிரின்டரே நின்றுவிடும். தப்பான நிறத்தை ஊற்றிவிட்டீர்களா? ஒரு பக்கம்கூட எடுக்காதீர்கள். அப்படியே கொண்டு வாருங்கள்.

அந்தத் தம்பியின் ஹெட்டை இரண்டு நாள் ஊறவைத்து, கரைசல் விட்டு மெல்ல மெல்லக் கழுவினேன். பழைய இங்க்கை டேங்கிலிருந்து முழுக்க எடுத்தேன். மூன்றாம் நாள் காலை கருப்பு வந்தது, இரண்டு கோடு மட்டும் இன்னும் விடுபடுகிறது. பட்டா நகலுக்கும் சான்றிதழுக்கும் ஒரு பழைய லேசர் பிரின்டர் பார்த்துத் தருகிறேன் என்றேன். லேசரில் இங்க்குக்குப் பதில் வரும் டோனர் பொடி மழையில் கரையாது. அவர் அந்தப் பாட்டிலைத் தூக்கி எறியாமல் கொண்டுவந்ததால்தான் என்ன கலந்திருக்கிறது என்று உடனே தெரிந்தது. நீங்களும் லேபிளை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.