கிண்டிலின் வெள்ளொளியை மஞ்சளாக்க விரும்புவோர் அறிய வேண்டியவை

பினாங்கில் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் என் பணிமேசைக்குக் கைப்பேசிகளே அதிகம் வருகின்றன. என்றாலும், கிண்டில், கோபோ போன்ற பழைய மின்நூல் வாசிப்பானைக் கொண்டுவந்து, "ராத்திரியில படிக்கிறப்போ இந்த வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்துது, மஞ்சளா மாத்த முடியுமா அண்ணே?" என்று கேட்பவர்களும் அண்மைக் காலமாகக் கூடியிருக்கிறார்கள். மாற்ற முடியும். ஆயினும் அவர்களில் பெரும்பாலோருக்குக் கருவியைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை என்பதையும், திறந்தால் எதை இழக்க நேரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை என்று கருதுகிறேன்.

கைப்பேசியில் ஒளி திரைக்குள்ளிருந்தே கண்ணை நோக்கி வருகிறது. மின்நூல் வாசிப்பானில் உள்ள மின்மைத் திரை (இ-இங்க்) தானாக ஒளிர்வதில்லை. தாளைப் போல, தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஆகையால் அதன் விளக்கு முன்விளக்காக அமைந்துள்ளது. திரையின் ஓர் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சிறிய எல்இடிகளின் ஒளி, திரைமேல் ஒட்டப்பட்ட மெல்லிய ஒளிவழிப் படலத்துக்குள் ஓடி, அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்பதிவுகளில் பட்டு எழுத்தின்மீது இறங்குகிறது. கிண்டில் பேப்பர்வைட்டும் கோபோ குளோவும் 2012ஆம் ஆண்டில் இவ்வகை விளக்குடன் வந்தன. நிறத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2016இல் கோபோ ஆரா ஒன் கருவியிலும், 2019இல் கிண்டில் ஓயசிஸிலும், 2021இல்தான் பேப்பர்வைட்டிலும் கிடைத்தது. அதற்கு முந்தைய பேப்பர்வைட்டுகளில் வெள்ளை எல்இடிகள் மட்டுமே உள்ளன. இல்லாத மஞ்சள் விளக்கை எந்த மென்பொருளாலும் உண்டாக்க முடியாது.

வெள்ளை எல்இடி உண்மையில் நீல எல்இடிதான். ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உமிழும் சில்லின்மேல் நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக்கும் பாஸ்பர் என்ற பொருள் பூசப்படுகிறது. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. உலகின் முன்னணி எல்இடி நிறுவனங்கள் சிலவற்றின் ஆலைகள் அங்கே இருக்கின்றன. மறுபுறம், பகலா இரவா என்பதை மூளைக்கு அறிவிக்கும் தனிவகை விழித்திரை அணுக்களின் செயல்பாட்டை 2002ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் நிறுவினர். அந்த அணுக்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே மிகுதியாக எதிர்வினை காட்டுகின்றன. இரவு வாசிப்புக்கு மஞ்சளொளி நல்லது என்ற கருத்தின் வேர் இதுதான்.

ஆனால் நிறத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு ஒளியின் அளவைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மின்நூல் வாசிப்பு தூக்கத்தைக் கெடுப்பதாக 2014இன் இறுதியில் வெளியாகிப் பரவலாக எடுத்தாளப்பட்ட அமெரிக்க ஆய்வில், பன்னிருவர் மங்கலான அறையில் உறங்குமுன் நான்கு மணி நேரம் படித்தார்கள். அவர்கள் கையிலிருந்தது முழு ஒளியில் வைக்கப்பட்ட ஐபேட். மின்மைத் திரை அன்று. அச்சுநூலோடு ஒப்பிட, அவர்கள் உறங்கச் சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. கிண்டிலை முழு ஒளியில் வைத்துக்கொண்டு மஞ்சள் கேட்பவரிடம், ஒரு வாரம் ஒளியைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன். தலைமாட்டில் ஒரு மங்கலான மஞ்சள் குண்டுவிளக்கை எரியவிட்டு, முன்விளக்கை அறவே அணைத்துவிட்டால் இன்னும் நல்லது. கண்சோர்வு வேறு விஷயம். நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளால் அது குறைவதாகத் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மீளாய்வு கூறுகிறது. கண் எரிச்சலோடு வருபவரைக் கண் பரிசோதகரிடம் அனுப்புவதே முறை. என் சால்டரிங் கோலுக்கு அங்கே வேலையில்லை.

அதற்குப் பின்னும் மஞ்சள் வேண்டுமென்றால், அம்பர் (செம்மஞ்சள்) நிறப் படலம் ஒன்றைத் திரையளவுக்கு வெட்டி மேலே பொருத்துவது முதல் வழி. மேடை விளக்குகளுக்கான செம்மஞ்சள் வடிகட்டித் தாளும் உதவும். அதன் முழு அடர்த்தி வகை, 5500 கெல்வின் ஒளியை 3000 கெல்வினுக்கு அருகே கொண்டுவருகிறது (கெல்வின் எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்). பளபளப்பான தாள் அறைவிளக்கைப் பிரதிபலிக்கும் என்பதால் மங்கல் பரப்புள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்விளக்கின் ஒளி படலத்தை ஒருமுறையும் அறையின் ஒளி இருமுறையும் கடப்பதால், பகலில் பக்கம் பழுப்பாகத் தெரியும், காலையில் கழற்றிவிடலாம். தொடுதலை அகச்சிவப்புக் கதிரால் உணரும் கோபோ குளோ போன்ற பழைய கருவிகளில், படலத்தின் ஒரு மூலை எழும்பினாலும் பக்கங்கள் தாமாகப் புரளும். பேய் பிடித்துவிட்டதோ என்று பதற வேண்டாம்.

கருவியைத் திறப்பது வேறு கதை. முன்சட்டம் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சூடு காட்டி நெம்பும்போது, உள்ளே இருக்கும் மெல்லிய கண்ணாடித் திரை ஒரு சிறு வளைவிலேயே விரிசல் விட்டுவிடும். திரை போனால் புதிய திரையின் விலைக்கு இன்னொரு பழைய கருவியையே வாங்கிவிடலாம். லித்தியம் மின்கலத்தைக் குத்திவிட்டால் தீப்பற்றக்கூடும். ஆகவே முதல் வேலை மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவதுதான். 2018 முதல் வந்த பேப்பர்வைட்டுகளில் நீர் புகாத அடைப்பும் அழிந்துபோகும். பத்து ஃபிரிங்கி கடற்கரையில் வைத்துப் படிப்பவருக்கு அது சிறிய இழப்பன்று.

திறந்தே ஆக வேண்டுமெனில், எல்இடிகளுக்கும் ஒளிவழிப் படலத்துக்கும் இடையே அம்பர் நிறக் கேப்டான் டேப்பை ஓர் அடுக்கு வைப்பதே நான் ஒப்புக்கொள்ளும் மாற்றம். அது வெப்பத்தைத் தாங்கும், நீலத்தை நன்றாகவே உறிஞ்சும், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். அங்கே விழும் ஒரு தூசிகூடப் பக்கத்தில் நட்சத்திரம்போல் ஒளிரும் என்பதால், மின்விசிறிக்குக் கீழே செய்யும் வேலையன்று அது. எல்இடிகளையே கழற்றி மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. மயிரிழை நகர்ந்து அமர்ந்தாலும் பக்கத்தின் அடியில் நிழல்கள் விழும். அதைவிட முக்கியமாக, பலர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவரும் அம்பர் நிற எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டிலேயே எரியும். பாஸ்பர் பூசிய வெள்ளைக்கு 3 வோல்ட் வேண்டும். இணையாக அமைந்த சுற்றில் இரண்டையும் கலந்தால் அம்பர் எல்இடி மின்னோட்டத்தை விழுங்கிக் கருகும். மாற்றியே தீர வேண்டுமென்பவர், 2700 கெல்வின் மஞ்சள் வெள்ளை எல்இடிகளை வரிசை முழுவதற்கும் ஒரே தொகுதியிலிருந்து வாங்க வேண்டும்.

வேறு கடையில் கொடுப்பதானால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மின்கலத்தை முதலில் கழற்றுவீர்களா, திரை உடைந்தால் செலவு யாருடையது, இதற்கு முன் இதே கருவியைத் திறந்திருக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்குபவரிடம் கருவியைக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் அம்பர் படலம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.