ரிஸ்க் முதல் ஜாக்பாட் வரை: சூதுக்கும் துணிச்சலுக்கும் தமிழில் என்ன சொல்?

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான கீழக்கரையில் 'ரிஸ்க்' என்ற ஒலிக்கு இரண்டு பொருள். தொழுகை முடிந்து படியிறங்கும் பெரியவர் "ரிஸ்க்கு அவன் கையில" என்றால் அது அரபிச் சொல்: இறைவன் அளக்கும் அன்றாட உணவு, பிழைப்பு. 'ரஜாக்' என்று பெயர் வைக்கிறார்களே, அதற்கும் வேர் இதுதான். அவர் மகனே "இந்தக் காத்துல தீவுப் பக்கம் போறது ரிஸ்க்கு வாப்பா" என்றால் அது ஆங்கிலச் சொல். ஒன்று சோறு, மற்றது சோற்றுக்கு உலை வைப்பது.

இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம் என்று சொல்லும் மொழியறிஞர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு 'ரிஸ்க்' வந்தது 17-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சு வழியாக; பிரெஞ்சுக்கு இத்தாலியிலிருந்து. 12-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியத் துறைமுகங்களின் வணிகப் பத்திரங்களில் 'ரெசிக்கும்' என்று லத்தீனில் எழுதியிருக்கிறார்கள். சரக்கு கடலில் போனால் நட்டம் யார் தலையில் என்பதைக் குறிக்க அந்தச் சொல். அதற்கு முந்திய கதையில்தான் தகராறு. அரபு வணிகர்களின் 'ரிஸ்க்' அங்கே போய்ப் பொருள் திரிந்தது என்பது ஒரு கட்சி. 'வெட்டுவது' என்ற பொருள் தரும் லத்தீன் வினையிலிருந்து, கப்பலின் அடியைக் கிழிக்கும் கடற்பாறைக்குப் பெயராகி, பிறகு ஆபத்துக்குப் பெயரானது என்பது இன்னொரு கட்சி. கிரேக்க மொழியில் வேரைக் காட்டுவோரும் உண்டு. வழக்கு முடியவில்லை.

எனக்குப் பாறைக் கதைதான் பிடிக்கும். சான்று வலுவானது என்பதால் அல்ல; மன்னார் வளைகுடாப் பக்கம் அது அப்படியே பொருந்துவதால். கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டை இங்கே 'பார்' என்பார்கள். முத்துச் சிப்பி விளைந்த இடமும் பார்தான். மீன் அண்டுவது பாரில், வலை கிழிவதும் பாரில். பாரைவிட்டு விலகிப் போனால் வலை பத்திரமாக இருக்கும், வெறுமையாகவும் இருக்கும்.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? பரஸ்பர நிதி விளம்பரத்தின் கடைசியில் ஒருவர் மூச்சுவிடாமல் 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை' என்று ஒப்பிப்பதைக் கேட்டிருப்பீர்கள். அபாயம் என்றால் ஆபத்தேதான். ரிஸ்க் ஆபத்தல்ல, ஆபத்து நேரக்கூடும் என்ற நிலை. அரசுத் தமிழில் 'இடர்' நிலைத்துவிட்டது, ஆனால் அது ரிஸ்க், ஹசார்டு இரண்டுக்கும் வேலை செய்கிறது. பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், தொலைவில் கடலில் எங்கோ புயல் உருவாகலாம் என்று பொருள். அங்கே உருவாவது ஹசார்டு: இடர். அதில் நம் படகு மாட்டுமா, மாட்டினால் எவ்வளவு சேதம் என்பது ரிஸ்க்: இடர்வாய்ப்பு. மீன்வளத் துறை அன்றைக்கு அனுமதி டோக்கன் கொடுக்காமல் நிறுத்தும்போது புயல் ஒன்றும் சிறுத்துவிடாது. இடர் அப்படியே இருக்கிறது, இடர்வாய்ப்புதான் குறைகிறது. கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்து எழுதினால் நல்லது.

பேச்சுக்கு 'இடர்வாய்ப்பு' உதவாது. "இடர்வாய்ப்பை மேற்கொள்ளாதே தம்பி" என்று எந்த அண்ணன் சொல்வார்? 'ரிஸ்க் எடு' என்பதற்கு நம் வினை 'துணி'. "துணிஞ்சு எறங்கிட்டான்" என்றால் முடிந்தது. 'கால்குலேட்டட் ரிஸ்க்' என்று மேலாண்மை வகுப்பில் சொல்வதை வள்ளுவர் 'எண்ணித் துணிக' என்று இரண்டே சொல்லில் வைத்துவிட்டார்.

ஹசார்டின் பிறப்பு கடலில் அல்ல, சூதாட்டப் பலகையில். பழைய பிரெஞ்சில் 'ஹசார்' ஒரு பகடை ஆட்டம். அரபியில் பகடையைக் குறிக்கும் 'அஸ்ஸஹ்ர்' ஸ்பானிய மொழி வழியாக அங்கே போனது என்று அகராதிகள் பலவும் சொல்லும். அந்த அரபிச் சொல் அவ்வளவு பழையதா என்று மறுப்பவர்களும் உண்டு. எப்படியோ, ஆட்டத்தின் பெயர் ஆட்டத்தால் வரும் கேட்டின் பெயரானது. இன்று ரசாயனத் தொழிற்சாலைச் சுவரில் மண்டையோட்டுப் படத்தோடு நிற்கும் சொல் ஒரு காலத்தில் பகடை.

'சான்ஸ்' இன்னும் சுவையானது. 'விழு' என்ற லத்தீன் வினையில் பிறந்தது, அதாவது பகடை விழும் விதம். தமிழிலும் தாயம் விழுகிறது, சீட்டு விழுகிறது. 1968-இல் தமிழக அரசு பரிசுச்சீட்டு தொடங்கியபோது அண்ணா சொன்ன 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற வரி எடுபட்டதற்கு இந்த 'விழு' ஒரு காரணம். (அந்தச் சீட்டு 2003-இல் தடையானது. 'லாட்டரி விழுந்த மாதிரி' என்ற பேச்சுக்குத் தடை இல்லை.) கடற்கரையில் இதற்கு இணை 'படு'. வலையில் பட்டது மீன்பாடு. "பாடு எப்படி?" என்று கரையில் கேட்டால் எவ்வளவு மீன் என்றுதான் கேள்வி. ஊருக்குள் போய் அதே 'பாடு' படாத பாடாகிவிடும்.

இனி 'கேம்பிள்'. ஆட்டத்தைக் குறிக்கும் 'கேம்' என்ற சொல்லின் பழைய வடிவத்திலிருந்து கிளைத்து, 18-ஆம் நூற்றாண்டில் கொச்சையாகப் புழங்கத் தொடங்கி, பிறகு மரியாதை பெற்றது. தமிழில் சூது. வடமொழி 'த்யூத'த்திலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. வந்த இடத்தில் நன்றாக வேரூன்றி, ஆட்டத்தோடு நிற்காமல் வஞ்சகத்துக்கும் பெயராகி, 'சூதுவாது' வரை பரவிவிட்டது. குறளில் சூதுக்கென்றே ஓர் அதிகாரம். அதில் பகடைக்குக் 'கவறு', சூதாடும் இடத்துக்குக் 'கழகம்'. ஆம், கழகம்தான். சொற்களுக்கும் நல்ல காலம் வரும்.

அந்த அதிகாரத்தின் முதல் குறள் இந்தக் கரைக்காரர்களுக்கு உரை இல்லாமலே புரியும். சூதில் கிடைத்த வெற்றி, 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி அற்று'. இங்கே பொன் தங்கமல்ல. இரும்பு, தூண்டில் முள். இரை என்று நினைத்து மீன் முள்ளை விழுங்குகிறது. தோற்பவனைப் பற்றிப் பேசாமல் வென்றவனைப் பிடித்துக்கொண்டது வள்ளுவரின் கெட்டிக்காரத்தனம். கைப்பேசி ரம்மியில் முதல் ஆட்டத்தில் நூறு ரூபாய் ஜெயித்தவனுக்கு அந்த முள் தெரியாது.

இணையச் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-இல் சட்டம் இயற்றியது. உயர் நீதிமன்றம் 2023-இல் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றது. வழக்கின் உயிர் 'திறமையா, வாய்ப்பா' என்ற கேள்வியில் இருந்தது. 'கேம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் ஒளித்துவைக்க ஆங்கிலத்தில் இடம் உண்டு. தமிழில் சூதாட்டத்தை 'விளையாட்டு' என்று வாய் கூசாமல் சொல்ல முடியாது. அதனால்தான், 2025-இல் மத்தியச் சட்டம் வரும்வரை, விளம்பரத்தில் 'கேம்' என்றே வந்தது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஆங்கிலத்தில் எந்தத் துணிச்சலையும் 'கேம்பிள்' என்று சொல்லிவிடலாம்: புதுத் தொழில், தேர்தல் கூட்டணி, மழையை நம்பி விதைப்பது. அதைப் படித்த கையோடு நம் ஆட்கள் 'கடல்தொழில் ஒரு சூதாட்டம்' என்று தலைப்பு வைக்கிறார்கள். தமிழில் சூது என்றால் பழி. வாடை வலுத்தால் வடகடலை விட்டுத் தென்கடலுக்கு மாறுவதும், டீசல் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிப்பதும், பாடு இல்லாத நாளில் உரிமையாளர் முதல் கூலியாள் வரை வெறுங்கையோடு கரையேறுவதும் சூதா? இடர்வாய்ப்பைப் பலர் தோளில் ஏற்றும் ஏற்பாடு அது. எழுதத்தான் வேண்டுமென்றால் 'நிச்சயமில்லாத தொழில்' என்று எழுதுங்கள்.

இந்தக் கடலில் சூதுக்கு அருகே போன ஒன்று உண்டென்றால், முத்துச் சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், நடந்த சிப்பி ஏலம். கரையில் குவித்த சிப்பியை ஆயிரம் ஆயிரமாக எண்ணி, திறக்காமலே ஏலம் விடுவார்கள். வாங்கியவர் அதை அழுகவிட்டு, நாற்றத்தைப் பொறுத்து, கழுவிப் பார்த்தால்தான் முத்து உண்டா இல்லையா என்று தெரியும். தூத்துக்குடிப் பக்கம் 1961-உடன் அது நின்றுபோனது.

'ஸ்டேக்', ஆட்டத்தில் வைக்கும் பொருள், தமிழில் பணயம். ஆங்கிலத்தின் மேல் மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமல்ல. 'உயிரைப் பணயம் வைத்து' என்று நாமும் சூதுக்களத்திலிருந்துதான் எடுக்கிறோம். ஒருவனைப் 'பகடைக்காய்' ஆக்குவதும் அங்கிருந்து வந்ததுதான்.

'ஜாக்பாட்' போக்கரில் பிறந்தது. ஜாக் சீட்டு ஜோடியோ அதைவிட உயர்ந்த சேர்க்கையோ கையில் இருந்தால்தான் ஆட்டத்தைத் திறக்கலாம். அதுவரை நடுவில் பணம் ஏறிக்கொண்டே போகும். கூறல் மீன் ஒன்று சிக்கி, வயிற்றிலுள்ள நெட்டி என்னும் காற்றுப்பைக்காக அதைப் பெரும் விலைக்கு ஏலம் எடுத்தால் 'மீனவருக்கு ஜாக்பாட்' என்று செய்தி வரும். 'யோகம் அடித்தது' போதும்.

'லாங் ஷாட்', எட்டாத தூரத்துக்குச் சுடும் குண்டு. நமக்கு மயிரைக் கட்டி மலையை இழுப்பது: வந்தால் மலை, போனால் மயிர். 'பிளஃப்' என்பதைச் செயலில் செய்தால் பாவ்லா, வாயால் செய்தால் உதார்.

'பெட்' என்பதற்குப் பந்தயம் சரிதான், மாட்டுவண்டி ஓட்டத்துக்கும் அதுவே பெயர் என்பதால் சில இடத்தில் குழப்பும். ஆனால் ஆங்கிலப் பேச்சில் 'ஐ பெட்' என்று தொடங்கும் வாக்கியத்தில் பந்தயமே கிடையாது. வெறும் அடித்துச் சொல்லல்தான். அதை 'நான் பந்தயம் கட்டுகிறேன்' என்று மொழிபெயர்ப்பவர்கள் ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் பக்கம் ஒரு சாயங்காலம் நின்று கேட்கலாம்: "நாளைக்குக் காத்து திரும்பிரும், வேணும்னா எழுதி வச்சுக்க."