"எலும்பு உடைஞ்சிருக்கா, டாக்டர்?"

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்திருந்த பெரியவர் மோர்ச்சுவரி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கழுத்தெலும்பு உடைஞ்சிருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்." இறந்தது அவருடைய மருமகள், இருபதுகளில் இருந்த பெண். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மறுநாள் காலை கிளேர் எஸ்டேட்டில் தகனத்துக்கு நேரமும் வாங்கிவிட்டார்கள்.

எலும்பு உடைந்திருந்தால் நெரித்த கொலை, இல்லையென்றால் தூக்கு என்ற நினைப்பு. டிவி தொடர்கள் செய்த வேலை இது. அவர் கேட்டது தாடைக்கு அடியில் லாட வடிவில் இருக்கும் நாவடி எலும்பை. இளம் வயதில் அது வளைந்து கொடுக்கும். வயது ஏற ஏறக் கெட்டிப்பட்டு எளிதில் முறியும். நெரித்துக் கொல்லப்பட்ட இளம்பெண்ணுக்கு அது முழுசாக இருக்கலாம். தூக்கில் இறந்த முதியவருக்கு முறிந்திருக்கலாம். அதை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் சொல்ல முடியாது.

தோலில் உள்ள தடம் இன்னும் கொஞ்சம் பேசும். தூக்கில் அது பெரும்பாலும் கழுத்தின் மேற்பகுதியில், முடிச்சை நோக்கிச் சாய்வாக ஏறி மங்கிவிடும். இன்னொருவர் கயிற்றால் இறுக்கியிருந்தால் பெரும்பாலும் தாழ்வாக, படுக்கைவாட்டில் கழுத்தைச் சுற்றி ஓடும். கையால் நெரித்தால் கோடே இருக்காது. விரல் பதிந்த கன்றல்களும் பிறை போன்ற நகக்கீறல்களும்தான். அந்தக் கீறல் பல நேரம் இறந்தவருடைய நகம் பட்டதே, பிடியை விலக்கப் போராடியதால் வந்தது. துப்பட்டா மாதிரி மெல்லிய துணி என்றால் வெளியே ஒன்றுமே தெரியாமலும் போகலாம். கண்ணிமைக்குள் ஊசிமுனை அளவு ரத்தப் புள்ளிகளைத் தேடுவோம். ஆனால் இதயம் நின்று இறந்தவர்களுக்கும் அவை வருவதுண்டு.

அதனால்தான் கழுத்தைக் கடைசியில் திறக்கிறோம். முதலில் மண்டை, மார்பு. ரத்தம் வடிந்த பிறகு கழுத்துத் தசைகளை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்போம். இந்த வரிசையில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. அறுக்கும்போதே உணவுக்குழாய்க்குப் பின்னால் ரத்தம் கசிந்து, அடிபட்ட காயம் போலவே தெரியும் என்று 1951இல் பிரின்ஸ்லூ, கார்டன் என்ற தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். என் கத்தி உண்டாக்கிய கறைக்காக ஒருவர் சிறைக்குப் போகலாம், யோசித்துப் பாருங்கள்.

கழுத்தோடு நின்றுவிட்டாலும் ஏமாறுவோம். 1977இல் டர்பன் பிரைட்டன் பீச் காவல் நிலையத்தில் இறந்த இளம் பல் மருத்துவர் ஹூசேன் ஹஃபெஜி தூக்குப் போட்டுக்கொண்டார் என்றே அன்றைய விசாரணை முடித்தது. உடலெங்கும் காயங்கள் இருந்தும்தான். அந்த முடிவை நீதிமன்றம் மாற்றியது 2023இல்.

சரி, வீட்டில் இருப்பவர்களுக்கு. தூக்கில் தொங்குபவருக்கு உயிர் இருக்க வாய்ப்பிருந்தால் உடனே இறக்குங்கள், வேறெதையும் யோசிக்க வேண்டாம். இல்லையென்றால் போலீஸ் வரும்வரை தொடாதீர்கள். முடிச்சை அவிழ்க்கவோ உடலைக் குளிப்பாட்டவோ கூடாது.

அப்புறம், இதுதான் முக்கியம். யாராவது கழுத்தை நெரித்து நீங்கள் தப்பியிருந்தால், தடம் இல்லை என்று இருந்துவிடாதீர்கள். குரல் கம்மினாலோ விழுங்க வலித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்தும் பக்கவாதம் வரலாம்.

அந்தப் பெண்ணின் நாவடி எலும்பு முழுசாகவே இருந்தது. தசைக்குள் இரண்டு பக்கமும் கன்றல். தோலில் மங்கலான ஒரு தடம், அவ்வளவுதான். வெளியே வந்து, கழுத்திலிருந்த துப்பட்டா எங்கே என்று பெரியவரிடம் கேட்டேன்.

"எச்சில் பட்டு அழுக்கா இருந்துச்சு தம்பி. வீட்ல துவைச்சுக் கொடியில போட்டுட்டாங்க."