ஒரு வயல் கோதுமையும் வாஷிங்டனின் அதிகாரமும்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் இதுவரை 27 திருத்தங்களே செய்யப்பட்டுள்ளன. வருமான வரிக்கு வழிவிட்ட 1913ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் போல, கூட்டாட்சி அரசின் கையை நேரடியாக வலுப்படுத்தியவை அவற்றுள் சிலவே. அப்படியிருந்தும் தொழிற்சாலை ஊதியம் முதல் விடுதி அறை வரை வாஷிங்டனின் சட்டம் இன்று எட்டுகிறது என்றால், அதற்குப் பெருங்காரணம் பழைய வாசகங்களை உச்ச நீதிமன்றம் படித்த விதம் மாறியதுதான்.

அரசமைப்பின் முதல் உறுப்பு, 8ஆம் பிரிவில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அதிகாரங்களைப் பட்டியலிடுகிறது. கூட்டாட்சி அரசிடம் ஒப்படைக்கப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கவும்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இல் 10ஆம் திருத்தம் உறுதிசெய்தது. பட்டியலில் உள்ள அதிகாரங்களுள் ஒன்று, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்துவது. நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே நிறுவனத்தின் பிடிக்குள் வந்தபோதுகூட, உற்பத்தி வேறு, வணிகம் வேறு என்று கூறி 1895இல் நீதிமன்றம் கூட்டாட்சி அரசைத் தடுத்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 1918இல் ஏறத்தாழ இதே வாதத்தால் வீழ்ந்தது.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1937இல் இந்தப் போக்கு திரும்பியது. அது எவ்வளவு தூரம் சென்றது என்பதை ஒஹாயோ மாநில விவசாயி ராஸ்கோ ஃபில்பர்னின் வழக்கில் காணலாம். விலை சரிவைத் தடுக்க 1938ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பண்ணைக்கும் கோதுமைப் பரப்பை வரையறுத்திருந்தது. அவருக்கு ஒதுக்கப்பட்டது 11.1 ஏக்கர்; அவர் விதைத்தது 23 ஏக்கர். மிகையாக விளைந்த 239 புஷலுக்கு, அதாவது சுமார் ஆறரை டன்னுக்கு, 117 டாலர் 11 சென்ட் தண்டம் விதிக்கப்பட்டது. தம் விளைச்சலில் ஒரு பகுதியைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் தீவனமாகவும், வீட்டுக்கு மாவாகவும், அடுத்த பருவத்துக்கு விதையாகவும் பயன்படுத்திய அவர், பண்ணையை விட்டே வெளியேறாத தானியம் எப்படி மாநிலங்களுக்கு இடையிலான வணிகமாகும் என்று கேட்டார். சொந்தத் தேவைக்கு விளைவிப்பவர் அந்த அளவுக்குச் சந்தையில் வாங்காமல் இருக்கிறார், இப்படிப் பலர் செய்தால் நாடு முழுவதும் விலை பாதிக்கப்படும் என்று 1942இல் நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

பொருளியல் கணக்காக இதில் பிழை காண்பது கடினம். ஆனால் எந்தச் செயலையும் லட்சம் பேரின் செயலாகக் கூட்டிப் பார்த்தால் அது எங்கோ ஒரு சந்தையைத் தொடத்தான் செய்யும். ஆகவே எல்லைக்கோடு எங்கே என்று மாநில உரிமை ஆதரவாளர்கள் எழுப்பும் கேள்வி மிக நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதே வேளையில், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின்படி அட்லாண்டாவின் ஒரு விடுதி கறுப்பினத்தவருக்கும் அறை தந்தாக வேண்டும் என்று அவ்வாண்டிலேயே வந்த தீர்ப்பும் இதே வணிக அதிகாரத்தின் மீதுதான் நின்றது. பல தென் மாநிலங்கள் தம் அதிகாரத்தை இன ஒதுக்கலுக்கே பயன்படுத்திவந்த நிலையில், அந்த மக்களுக்கு வேறு கதவு எது இருந்தது? இந்த இரு வழக்குகளையும் சேர்த்து எடைபோடாத வாதம் எதுவும் எனக்கு முழுமையாகத் தோன்றவில்லை.

பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பது வணிகச் செயல் ஆகாது என்று கூறி, 1995இல் நீதிமன்றம் ஒரு சட்டத்தை ரத்துசெய்து எல்லைக்கோட்டை மீண்டும் வரைய முயன்றது. ஆனால் கட்டளையிட முடியாத இடத்தில் பணம் பேசுகிறது. மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை நிறுத்தலாம் என்று 1984இல் காங்கிரஸ் சட்டமியற்றியது. வழக்குத் தொடுத்த தெற்கு டகோட்டா 1987இல் தோற்றது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் இணங்கின. அங்கே பணயம் வைக்கப்பட்டது நெடுஞ்சாலை நிதியில் 5 விழுக்காடு என்பதால், அதை அழுத்தமாகக் கொள்ளலாமே தவிர வற்புறுத்தலாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். 2012இல் மெடிக்கெய்ட் மருத்துவ உதவித் திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலம் ஏற்கெனவே பெற்றுவரும் அத்திட்ட நிதி முழுவதையும் இழக்க நேரிடும் என்ற விதியை அதே நீதிமன்றம் வற்புறுத்தல் என்று கண்டு நிறுத்தியது. டெக்சாஸ், புளோரிடா உள்ளிட்ட மாநிலங்கள் அந்த விரிவாக்கத்தை ஏற்காமல் விலகி நிற்க முடிந்தது அத்தீர்ப்பால்தான்.