மறதி என்று முடிவு கட்டுமுன் கண்ணைப் பாருங்கள்

முதியவர்களின் நினைவாற்றலைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் எம்.எம்.எஸ்.இ. தேர்வுக்கு மொத்தம் 30 மதிப்பெண். பென்சிலையும் கைக்கடிகாரத்தையும் காட்டிப் பெயர் கேட்பார்கள். 'கண்களை மூடுங்கள்' என்று எழுதிய அட்டையைப் படித்து அப்படியே செய்ய வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும், ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். இந்த 5 மதிப்பெண்ணுக்கும் கண் தெரிய வேண்டும். 24-க்குக் கீழே போனாலே சந்தேகப்படுவது வழக்கம். கண்புரை முற்றியவர் நினைவு நன்றாக இருக்கும்போதே அந்த எல்லையை நெருங்கிவிடுகிறார். எழுத்தறியாதவருக்கு இழப்பு இன்னும் கூடுதல். வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரக் கிராமங்களிலும் ஆய்வு செய்த, வளரும் நாடுகளில் மறதி நோயை ஆராயும் 10/66 குழு, படிப்பறிவைச் சாராத சோதனைகளை வடிவமைத்ததற்கு இதுவே காரணம்.

பார்வைக் குறைவு மறதி போலத் தோற்றம் காட்டுவதோடு நிற்பதில்லை, மறதி வரும் வாய்ப்பையும் கூட்டுகிறது. மறதி நோய் பற்றிய லான்செட் ஆணையம் 2024-ல் தவிர்க்கக்கூடிய 14 காரணிகளில் ஒன்றாக, சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவைச் சேர்த்தது. சியாட்டிலில் 65 வயதைத் தாண்டிய 3,000-க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு மறதி நோய் வருவது சுமார் 30 சதவீதம் குறைவாக இருந்தது. கண் அழுத்த நோய்க்கான அறுவை செய்தவர்களிடம் இந்த வேறுபாடு இல்லை. அந்த அறுவை போன பார்வையைத் திருப்பித் தராது. அதனால் பலன் மீண்டு வந்த பார்வையிலிருந்துதான் வந்திருக்கும் என்பதற்கு இது நல்ல தடயம். ஆனாலும் இது தொடர்பு மட்டுமே, நிரூபணம் ஆகாது.

பார்வைக் குறைவு மூளையைப் பாதிக்கும் வழிகள் பல. குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஆயாவுக்கு இலையின் நரம்பு தெரியவில்லை என்றால் முறத்தை ஓரம் வைத்துவிடுவார். வேலையோடு கூட உட்காருபவர்களின் பேச்சும் போய்விடும். மூளைக்கு வரும் வேலை அங்கேயே பாதியாகிறது. இன்னொன்று தூக்கம். விழித்திரையில் உருவத்துக்காக அல்லாமல் பகல்–இரவை உணர்வதற்காகவே சில செல்கள் உள்ளன. அவை நீல ஒளிக்கு அதிகம் பதில் தருபவை. மஞ்சளித்த புரை அந்த ஒளியைத்தான் தடுக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் விழித்திரையின் நுண்குழாய்களையும் மூளையின் நுண்குழாய்களையும் சேர்த்தே கெடுப்பதையும் மறக்கக்கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. தினசரி காலண்டரின் தேதியை 3 மீட்டர் தள்ளி நின்று, உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறுகண். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். வேலூர் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனையில் கண் காட்டிவிட்டு, புதுக் கண்ணாடியோடு பாகாயத்தில் உள்ள அதன் மனநல மையத்துக்கு மறதிக்குக் காட்டப் போவதே சரியான வரிசை. ஒரு கண்ணில் அறுவை முடிந்ததும் 'இது போதும்' என்று மறுகண்ணை விட்டுவிடுகிறார்கள். படியின் ஆழம் தெரியாமல் விழுவது அதனால்தான்.

பார்வை மங்கியவர், இல்லாத பிள்ளைகள் கூடத்தில் நடப்பதாகச் சொன்னால் பைத்தியம் என்று பயப்பட வேண்டாம். காணாத மூளை தானே உருவம் புனையும். சுவிஸ் இயற்கை ஆய்வாளர் சார்லஸ் பொன்னே 1760-ல் தன் தாத்தாவிடம் கண்டு எழுதிய நிலை இது. அது பொய்த்தோற்றம் என்று பார்ப்பவருக்கே தெரிந்திருந்தால் மறதி நோயாக இருக்கும் வாய்ப்பு குறைவு.

சொட்டு மருந்தையும் கவனியுங்கள். கண்மணியை விரிக்கும் அட்ரோபின், சைக்ளோபென்டோலேட் சொட்டுகள் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து முதியவரைத் திடீரென்று குழப்பலாம். கண் அழுத்த நோய்க்கான டிமோலால் சொட்டு நாடித்துடிப்பைக் குறைக்கும். ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை 2 நிமிடம் விரலால் அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி. சொட்டு தொடங்கிய பின் குழப்பம் வந்தால், மறதி மாத்திரை தேடுமுன் அந்தக் குப்பியைக் கண் மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.