கரண்ட் வந்த பிறகு எடை நிரல் ஏன் விழுகிறது?

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றின் எடைமேடையில், சி மொழியில் எழுதிய சிறு நிரல் ஒன்று லினக்ஸ் கணினியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடைகாட்டி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை ‘திம்பாங்_போர்ட்’ என்ற சூழல் மாறியிலிருந்து (நிரலுக்கு வெளியிலிருந்து பெயரோடு கொடுக்கும் மதிப்பு) எடுக்கிறது. கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடும். இடிமழையில் கரண்ட் போய்வந்து, கணினி தானே நிரலைத் தொடங்கினால் செக்மென்டேஷன் ஃபால்ட்: தொடக் கூடாத நினைவகத்தைத் தொட்டதால் நிரல் விழுந்துவிடும். குலை ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசை பிடித்துவிடும்.

மாறியை .பாஷ்ஆர்சி கோப்பில் எழுதியிருப்பார்கள். அதைப் படிப்பது நாம் கட்டளை தட்டத் திறக்கும் பாஷ் ஷெல்தான்; கணினி எழும்போது சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டி தொடங்கும் சேவைக்கு அது எட்டாது. மாறியின் மதிப்பைக் கேட்கும் கெட்என்வ், நல் (எதையும் சுட்டாத சுட்டி) திருப்பும். அதை உரையின் நீளத்தை எண்ணும் ஸ்டர்லென்னிடம் கொடுத்த இடத்திலேயே நிரல் விழும். லினக்ஸில் உரையை அச்சிடும் பிரிண்ட்எஃப் பெரும்பாலும் நல்லைக்கூட அடைப்புக்குறிக்குள் அச்சிட்டுக் கடந்துவிடுவதால், பிழை தேடுபவர் ஏமாறுவார். மாறியை, சிஸ்டம்டிக்குச் சேவையை விவரிக்கும் யூனிட் கோப்பின் என்விரான்மென்ட்ஃபைல் வரியில் கொடுங்கள். நிரலில் நல்லையும் வெற்று உரையையும் தனித்தனியே சோதியுங்கள்.

மதிப்பு வந்தாலும் நம்பக் கூடாது. 64 பைட் அணிக்குள், அளவு பார்க்காமல் நகலெடுக்கும் ஸ்டர்காப்பி செய்தால், நீளமான மதிப்பு பக்கத்து நினைவகத்தை அழிக்கும். அளவு மீறாமல் எழுதும் எஸ்என்பிரிண்ட்எஃப் பயன்படுத்தி, திரும்பும் எண் 64 அல்லது அதற்கு மேல் என்றால் மறுத்துவிடுங்கள். வெட்டுப்பட்ட பாதை வேறொரு கருவியைத் திறக்கலாம். பாட் வேகத்தை (போர்ட்டில் தரவு போகும் வேகம்) உரையிலிருந்து எண்ணாக மாற்ற ஏடோஐ வேண்டாம். குப்பை உரைக்கும் 0 தரும். ஸ்டர்டோல் வைத்து எர்னோ (பிழை எண்), முடிவுச் சுட்டி (எண் எங்கே முடிந்தது), வரம்பு மூன்றையும் பாருங்கள்.

கெட்என்வ் தருவது சூழலுக்குள் இருக்கும் இடத்தின் சுட்டி. அதில் எழுதக் கூடாது. பின்னர் மாறியின் மதிப்பை மாற்றும் செட்என்வ் அழைத்தால் அந்தச் சுட்டி செல்லாமலும் போகலாம். தொடக்கத்திலேயே ஸ்டர்டுப் கொண்டு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மாறியை வைக்கும் இன்னொரு வழியான புட்என்வ் இன்னும் மோசம்: நகலெடுக்காமல் நீங்கள் கொடுத்த சுட்டியையே வைத்துக்கொள்ளும். அது செயற்கூறின் உள்ளூர் அணியாக இருந்தால், செயற்கூறு முடிந்ததும் சூழலில் குப்பைதான் மிஞ்சும். செட்என்வ் நகலெடுக்கும், ஆனால் த்ரெட்டுகளை (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) தொடங்குவதற்கு முன்பே அழைத்து முடியுங்கள்.

செட்யூஐடி நிரலென்றால் (ஓட்டுபவரின் உரிமையில் அல்லாமல் கோப்பு உரிமையாளரின் உரிமையில் ஓடுவது), லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் 2.17 முதல் உள்ள செக்யூர்_கெட்என்வ் சரி. ரசீது அச்சிட, ஷெல் வழியாகக் கட்டளை ஓட்டும் சிஸ்டம்() வேண்டாம். கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் தன் கோப்புறையை முன்னால் வைத்தவரின் நிரல் ஓடிவிடும். முழுப் பாதையும் நீங்களே அமைத்த சூழலும் கொடுத்து, ஷெல் இல்லாமல் நேரடியாக நிரலை ஓட்டும் எக்ஸெக்வீ அழையுங்கள். 2014 செப்டம்பரில் வெளிப்பட்ட ஷெல்ஷாக், சூழல் மாறியின் உரையை பாஷ் கட்டளையாக ஓட்டியதால் வந்த ஓட்டை.

ஒப்படைக்கும் முன் ‘என்வ் -ஐ’ கொண்டு வெற்றுச் சூழலில் ஓட்டுங்கள். எந்த மாறி இல்லை என்பதைப் பெயரோடு பிழை வெளியீட்டில் எழுதி, நிரல் 1 என்ற குறியீட்டோடு நிற்க வேண்டும். கிராணி அதைப் போனில் அப்படியே வாசித்துச் சொல்லும்படி.