"5 நாட் தானே சார்!"

பின்காற்றோடு இறங்குகிற கூத்து, இந்த மாதத்தில் இது மூன்றாவது. நேற்று என் மாணவர் ஒருவர் தனியாகப் பறந்துவிட்டு இறங்கினார். மறுமுனைக்குச் சுற்றிப் போகச் சோம்பல், நேராக ஃபைனலுக்கு, அதாவது ஓடுபாதைக்கு நேரே இறங்கும் கடைசிக் கட்டத்துக்கு, வந்துவிட்டார். காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட்சாக்கோ அவர் போகிற திசையிலேயே வாலை நீட்டிக்கொண்டிருந்தது; அதாவது, காற்று பின்னாலிருந்து. சக்கரம் தரையைத் தொடுவதற்குள் பாதி ஓடுபாதை காலி. பிரேக் புகைய, புல்லில் போய் நின்றார். கேட்டால், "5 நாட் தானே சார்" என்கிறார். (நாட் என்பது காற்றுக்கும் விமானத்துக்குமான வேக அலகு.)

எதிர்க்காற்று 5 நாட் என்றால் கொஞ்சம் லாபம், பின்காற்று 5 நாட் என்றால் அதே அளவு நஷ்டம். இப்படித்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் விஷயம் அதோடு நிற்பதில்லை. காற்றில் 55 நாட் வேகத்தோடு தரை தொடுகிற விமானம், 5 நாட் எதிர்க்காற்றில் தரையில் 50-இல் ஓடும். பின்காற்றில் 60-இல் ஓடும். நிற்பதற்கான தூரம் ஏறுவதோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. 50-இன் வர்க்கம் 2,500, 60-இன் வர்க்கம் 3,600. அதே விமானம், அதே ஓடுபாதை. தப்பான முனையிலிருந்து வந்ததற்கு 44 சதவீதம் கூடுதல் ஓட்டம்! நான் சொன்னால் நம்ப வேண்டாம், செஸ்னா 172 என்கிற சிறிய விமானத்தின் கையேட்டைப் புரட்டுங்கள். எதிர்க்காற்றின் ஒவ்வொரு 9 நாட் வேகத்துக்கும் 10 சதவீதம் தூரத்தைக் கழிக்கச் சொல்கிறது. பின்காற்றுக்கு? ஒவ்வொரு 2 நாட் வேகத்துக்கும் 10 சதவீதம் கூட்டச் சொல்கிறது. அதுவும் 10 நாட் வரைதான்.

"பின்னாலிருந்து தள்ளினால் சீக்கிரம் எழும்பாதா?" என்றும் கேட்கிறார்கள். எழும்பாது. ஓட்டம் நீளும், எழும்பிய பிறகும் ஏற்றம் படுத்துவிடும். எதிரே மரம் இருந்தால் அப்போது தெரியும்.

பெரிய விமானம் என்றாலும் கதை இதுதான். 2009 டிசம்பர் 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன். கொட்டும் மழையில், 14 நாட் பின்காற்றோடு ஒரு போயிங் 737 இறங்கியது. மறுமுனைக்குச் சுற்றி வரலாம் என்று கட்டுப்பாட்டாளர் சொல்லிப் பார்த்தார்; விமானிகள் வேண்டாம் என்றார்கள். சுமார் 8,900 அடி ஓடுபாதையில் 4,000 அடி தாண்டித்தான் சக்கரம் பட்டது. முனையைக் கடந்து போய் உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இத்தனைக்கும் அவர்களுக்கு 15 நாட் வரை அனுமதி இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பின்காற்றில் ஃபைனலில் வரும்போது தரை விருட்டென்று ஓடிவரும். வேகம் அதிகமோ என்று கை தானாக மூக்கைத் தூக்கும். தாழ்வாக, மெதுவாக ஆகி ஸ்டாலில், அதாவது இறக்கை தாங்கும் விசையை இழந்து, விழுவது இப்படித்தான். ஜன்னலை நம்பாதீர்கள், வேகமானியைப் பாருங்கள்.

ஓடுபாதையில் ஏறுமுன் விண்ட்சாக்கைப் பாருங்கள், ஃபைனலில் மறுபடியும் பாருங்கள். வானிலை அறிக்கை அரை மணி நேரப் பழசாக இருக்கலாம், விண்ட்சாக் இப்போதைய காற்றைக் காட்டும். ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் படவில்லையா, த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் பிடி) முழுக்கத் தள்ளி எழும்பிவிடுங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்புறம், சுற்றி வருகிற அந்த ஐந்து நிமிட எரிபொருள் காசுதான் கஷ்டம் என்றால் என்னிடம் சொல்லுங்கள், நான் கொடுக்கிறேன்.